சிவப்புக் கொடிக்காரர்

மலைவளைவில் பஸ் உருண்டுவிடும் என்று பயந்து, மகனைப் பள்ளிக்கே அனுப்பாமல் பீர்மேட்டு எஸ்டேட் வீட்டில், எனக்கு ஒழிந்த நேரங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். மிச்ச நேரமெல்லாம் அவன் ஜீப் ஷெட்டில் கிடந்தான். அதன் பலனாக, எழுபத்தாறாம் வருஷம் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் பைக் பந்தயத்துக்கு நின்றான். நன்றாக ஓட்டினால் கோயம்புத்தூர் பட்டறை ஒன்று அவனைப் பந்தயம் ஓட்டவே சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும்.

அங்கேதான் அந்தக் கொடிக்காரரைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டி, காக்கிக் கோட்டு. வண்டிகள் புழுதி கிளப்பும்போதெல்லாம் கண்ணை விட்டுவிட்டு மீசையை மட்டும் பொத்திக்கொள்வார்.

இரண்டாம் சுற்றிலேயே அவரிடம் ஓடினேன். “சிவப்புக் கொடியக் காட்டி நிறுத்துங்கய்யா!”

“ஏனுங்க, யாராச்சும் உழுந்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல. என் மகன் விழுந்துருவான்.”

“உழுகறதுக்கு முன்னாலயே நிறுத்தோணும்னா, ஊட்லயே வெச்சிருக்கோணுமுங்க.”

“வீட்லதானய்யா வச்சிருந்தேன்!”

அவர் சிரிக்கவில்லை. சிவப்புக் கொடியைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். “இதப் புடிச்சுக்குங்க. யாராச்சும் உழுந்தாக் கேக்கறேன்.”

பந்தயம் முடியும்வரை அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். வேலை கிடைத்ததைச் சொல்ல வந்த மகன்தான் அதை என் விரல்களிலிருந்து பிரித்தெடுத்தான். என்னை நம்பிக் கொடுத்தாரா, என் கையைக் கட்டிப்போடக் கொடுத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.