அண்ணன் மகளின் விண்வெளிச் சீருடை

“இது எனக்குத்தான் அக்கா” என்று இன்று குன்னம் தையல்கடையில் நான் சொல்லவில்லை.

நாளை திருச்சியில் நாங்கள் சின்ன வயதில் பார்த்த விண்வெளி டிவி தொடரின் ரசிகர் சந்திப்பு. அதில் வரும் பாத்திரங்களின் வேடத்தில் போகலாம். அதற்காக விண்கப்பல் தலைவியின் சீருடையைத் தைக்கக் கொடுத்திருந்தேன். இந்த வயதில் இதெல்லாமா என்று கேட்பார்களோ என்று, “அண்ணன் மகளுக்கு. பள்ளிக்கூட நாடகம். என் அளவுதான்” என்று சொல்லிவைத்தேன்.

தையல்கார அக்கா விரித்துக் காட்டினார். ஒற்றைத் தோளில் வரும் வெள்ளிப்பட்டைகூட அப்படியே இருந்தது.

“படிக்கிற புள்ளதானேன்னு கைய மட்டும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிட்டேன். ஒங்களுக்கே எடுப்பா இருக்கும், போட்டுப் பாக்குறீங்களா?”

“எனக்கெதுக்குக்கா?”

“அப்ப நாடகத்தன்னைக்குப் பாப்பா போட்டோ அனுப்புங்க.”

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். சட்டைக் கை என் முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

கையைப் பிரித்துத் தளர்த்தித் தரச் சொன்னால், யாருக்கென்றும் சொல்ல வேண்டும்.

நாளை சுடிதாரில் போகிறேன்.