பாதரசத்தில் கரைந்த கம்மல்

2025 ஜனவரி 9, வியாழன், காலை ஆறே முக்கால். பனியில் மலை தெரியவில்லை. காய்ச்சல் பார்க்க எடுத்த பழைய தெர்மாமீட்டர் கை தவறி உடைந்தது. பாதரசம் பதினோரு உருண்டைகளாகச் சிதறி, தரையில் இருந்த பள்ளத்தில் மறுபடி ஒன்றாகிவிட்டது.

"தொடாதீங்க, விஷம்!" என்று மனைவி கத்தினாள்.

எனக்குத் தெரியாதா? நான் சின்னப் பையனாக இருந்தபோது, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா இதைத்தான் சமையல்கட்டில் காய்ச்சினார். எல்லா உலோகமும் அடியில் ஒரே பொருள்தான், வேஷம்தான் வேறு என்று நம்பினார். வேஷத்தைக் கலைத்தால் செம்பும் தங்கமாகும்.

"ரெண்டும் ஒண்ணுன்னா சொம்பையே காய்ச்சுங்களேன், என் கம்மல் எதுக்கு?" என்றாள் அம்மா.

"பாலுக்கு உறை ஊத்தறதில்லயாடி? கொஞ்சம் தங்கம் போட்டாத்தான் மத்ததும் தங்கமாகும்."

"பால் திரிஞ்சுபோச்சுன்னா?"

கேட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். சட்டியில் கம்மல் வெளுத்தது, பிறகு காணாமலே போனது. அப்பா குனிந்து குனிந்து ஊதினார். அந்தப் புகைக்கு வாசனையே இல்லை. ஒருநாள் சட்டி வெடித்து எல்லாம் சாம்பலில் போயிற்று. வேறு சட்டி வாங்கி, வெறும் பாதரசத்தைக் காய்ச்சினார்.

மழைக்காலத்துக்குள் அவர் கை நடுங்கத் தொடங்கியது. காபி பாதி தரையில் சிந்தியது. சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுவேன்.

"போதும்பா" என்பேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவைடா" என்பார்.

அம்மா அடுப்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஈரம் காய்ந்ததும் மூட்டிவிட்டார்.

எத்தனை முறை கூட்டினாலும் அவருக்கு ஆன செலவு ஒன்றுதான்: கம்மல் ஒரு ஜோடி, பொத்தான் போட முடியாமல் போன விரல் பத்து.