தகவல் சொன்னவர்: ஒச்சம்மாள்

வடமதுரைக்கு வடக்கே காட்டூரணிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே துணை சுகாதார நிலையத்தை ஒட்டி, தாய்மார் உட்கார்ந்து காத்திருக்க ஊரார் சேர்ந்து ஒரு கூடம் கட்டினார்கள். அதற்கு யார் பெயரை வைப்பது என்று மே தினத்துக் கிராம சபையில் முடிவெடுப்பதாக இருந்தது. இடம் கொடுத்த சுப்புராஜ், தம் தாத்தா அழகர்சாமியின் பெயர்தான் வேண்டும் என்றார். ஊரின் செவிலியர் பாண்டிச்செல்வி வேறொரு பெயர் சொன்னார்: ஒச்சம்மாள். பாண்டிச்செல்வியின் கொள்ளுப்பாட்டி, வெள்ளைக்காரர் காலத்தில் அந்த ஊரின் மருத்துவச்சி.

"அப்படி ஒருத்தி இருந்தாங்கறதுக்கு என்ன தாயி அத்தாட்சி? போட்டோ இருக்கா, பத்திரம் இருக்கா?" என்று கேட்டார் சுப்புராஜ்.

இரண்டும் இல்லை. பழைய பத்திரங்களின் கையெழுத்தை நான் வாசிப்பேன் என்று கேள்விப்பட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் பாண்டிச்செல்வி நாகல் நகரில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பத்திரம் எழுதுவது என் தொழில். அதனால் முதலில் பத்திரங்களில் தேடினேன். ஒச்சம்மாள் எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. ஆகவே எதிலும் இல்லை. அப்புறந்தான் பிறப்புப் பதிவேடு ஞாபகம் வந்தது. பாண்டிச்செல்வி மனுப் போட்டு, அனுமதி வாங்கி, 1901 முதல் 1933 வரையுள்ள பக்கங்களைத் தம் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுவந்தார்.

தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர். கடைசிக் கட்டத்தில், ஊர்ச் சாவடிக்கு வந்து தகவல் சொன்னவர் பெயர். தகப்பன் மாறுகிறார், தாய் மாறுகிறார், கடைசிக் கட்டம் மட்டும் அநேகமாக மாறுவதில்லை: 'மருத்துவச்சி ஒச்சம்மாள்'. மூன்று தடவை எண்ணினேன். இரண்டு தடவை 536, ஒரு தடவை 535. நான்காவது தடவையும் எண்ணிய பிறகே 536 என்று எழுதிக்கொண்டேன்.

1904இல் ஒரு வரியைப் பார்த்து நிறுத்தினேன். பெண் குழந்தை. தகப்பன் ஆண்டிச்சாமி, தாய் ஒச்சம்மாள். மூன்றாம் நாள் வந்து தகவல் சொன்னவரும் ஒச்சம்மாள்.

பாண்டிச்செல்வி சிரிக்கத் தொடங்கினார். "பெத்ததும் அவ, நடந்து போயி எழுதி வச்சதும் அவளா! அப்ப எங்க பாட்டன் அம்புட்டு நேரமும் என்னண்ணே செஞ்சாரு?"

"அதுக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லம்மா" என்றேன்.

இடைவெளிகளும் இருந்தன. வருடா வருடம் பத்து நாள் போல ஒச்சம்மாளின் பெயர் காணாமல் போய்விடும். அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பனே வந்து சொல்லியிருப்பான். ஒரு வருடம் அது ஏப்ரல் கடைசியில் வரும், இன்னொரு வருடம் மே மாதத்தில். வெயில் காலத்துக் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பாண்டிச்செல்வியின் முகம் வாடிப்போனது. அவர் போன பிறகு அது என்னை உறுத்தியது. எந்தக் காய்ச்சல் முப்பது வருடம் தவறாமல் வந்து, பத்து நாளில் சொல்லிவைத்தது போலப் போகும்?

பழைய பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டேன். எல்லா இடைவெளிக்குள்ளும் சித்திரைப் பௌர்ணமி இருந்தது. 1909ஆம் வருடப் பக்கத்தின் ஓரத்தில் பிறப்புகளைப் பதிவு செய்த கிராம முன்சீப்பே பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'மருத்துவச்சி அழகர் சேவைக்கு மதுரை போயிருக்கிறபடியால் தகப்பன் சொன்னது.'

உடனே பாண்டிச்செல்வியை அழைத்தேன். "காய்ச்சல் இல்லம்மா. திருவிழா."

"லீவு போட்டிருக்காளா!" என்று கத்தினார். "நூறு வருசத்துக்கு முன்னாடி, அதுவும் பத்து நாளு! நான் ரெண்டு நாள் கேக்கவே யோசிக்கிறேன்."

ரயிலில் போனாரா, வண்டி கட்டிப் போனாரா, யாரோடு போனார் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. சாவுப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி: 1933 மே 21, ஒச்சம்மாள், வயது 58. அந்த வருடத்துப் பௌர்ணமி கழிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "பாத்துட்டு வந்துதான் கண்ண மூடியிருக்கா" என்றார் பாண்டிச்செல்வி. அதைச் சொன்னபோதும் குரலில் சந்தோஷம்தான்.

ஒரு வருடம் மட்டும் எனக்குக் கணக்கு இடித்தது. 1914 மே 8, பௌர்ணமிக்கு முதல் நாள். அன்று பிறந்த ஓர் ஆண் குழந்தைக்குத் தகவல் சொன்னவர் ஒச்சம்மாள். அந்த வருடம் மட்டும் அவர் மதுரைக்குப் போகவில்லை. காரணம் தெரியாமலே குறித்து வைத்தேன்.

பதிவேட்டுப் படங்களைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு கிராம சபைக்கு நானும் போயிருந்தேன். ஊராட்சித் தலைவர் சொர்ணலட்சுமி பேச்சைத் தொடங்கிவைத்தார். பாண்டிச்செல்வி 536 என்றதும் ஒரு சலசலப்பு. சுப்புராஜ் எழுந்தார்.

"பிள்ளை எடுத்தது அவ பொழப்பு. எங்க தாத்தா ஊருக்கே மொதக் கெணறு வெட்டுனவரு."

"வீட்டுக்குள்ள கூப்பிட்டுப் பிள்ளை எடுக்கச் சொல்லிட்டு, அவளுக்குத் தண்ணிய வாசல்ல வச்சுக் குடுத்த காலம்ணே அது" என்றார் பாண்டிச்செல்வி. "இந்தக் கூடத்துலயாச்சும் அவ பேரு உள்ள இருக்கட்டும்."

"எங்க தாத்தா பேரு மட்டும் லேசுப்பட்டதா? அழகர் ஆத்துல எறங்குறதுக்கு மொத நாள் பொறந்தவரு. அதனாலதான் அழகர்சாமி!"

நான் குறித்து வைத்த அந்த ஒரு வருடம் ஞாபகம் வந்தது. "எந்த வருசம்?" என்று கேட்டேன்.

"மொத உலகச் சண்டை ஆரம்பிச்ச வருசம்."

"அவரு அப்பா, அம்மா பேரு?"

"வீரணன், சின்னாத்தாள்."

அந்தப் பக்கத்தை எடுத்துப் பாண்டிச்செல்வியிடம் நீட்டினேன். அவர் ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு உரக்கப் படித்தார். ஆண் குழந்தை. தகப்பன் வீரணன். தாய் சின்னாத்தாள். தகவல் சொன்னவர் மருத்துவச்சி ஒச்சம்மாள். முப்பத்து மூன்று வருடத்தில் அவர் திருவிழாவுக்குப் போகாதது இந்த ஒரு வருடம்தான் என்பதையும் சொன்னார்.

சுப்புராஜுக்கு அத்தை முறையான ராமுத்தாய்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஏலே சுப்புராசு! ஒந்தாத்தன் வந்து பொறந்ததுல அவ அழகரப் பாக்காமக் கெடந்திருக்காளேடா! ரெண்டு நாள் பொறுத்து வந்தா ஆகாதா அந்த மனுசனுக்கு?"

கூட்டமே சிரித்தது. சுப்புராஜ் விறைப்பாக நிற்கப் பார்த்தார், முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார்.

"சரி அத்தே, சரி. அவ பேரையே வைங்க. ஆனா தொறப்பு விழாவ மட்டும் சித்திரைப் பௌர்ணமில வச்சிராதீங்க. ஒச்சம்மா கணக்கா ஊரே மதுரைல நிக்கும்."

பாண்டிச்செல்வி தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். 'மருத்துவச்சி ஒச்சம்மாள் கூடம்' என்று தீர்மானம் எழுதப்பட்டது. அடுத்ததாகத் தெருவிளக்குப் பற்றிச் சொர்ணலட்சுமி பேசத் தொடங்கினார். கேட்கத்தான் ஆள் இல்லை. "எங்க அப்பனப் பாரு ஆத்தா, முனியாண்டி, பதினேழாம் வருசம்" என்று ராமுத்தாய் பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்து இழுக்க, தங்கள் வீட்டுப் பிள்ளையைத் தேடி ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நகர்ந்திருந்தார்கள்.