நான் வெட்டியெறிந்த இருமல்

கடந்த ஆண்டு, மாரிமழை தொடங்குவதற்குச் சற்று முன்னர், திருகோணமலை உள்துறைமுக வீதியிலுள்ள ஒரு சிறிய வானொலி நிலையத்தில் இது நடந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒலிபரப்பாகும் ஒரு நிகழ்ச்சிக்கு அறிமுகவுரை எழுதி வாசிப்பது என் பகுதிநேர வேலை. பல பத்தாண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பிய அரங்குகளில் பதிவான சிம்பொனி இசைக்குழுக்களின் கச்சேரிகளே அந்த நிகழ்ச்சி. அதை யார் கேட்கிறார்கள் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. எட்டு மாதங்களில் ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நான் அதிகம் பேசாதவள். யன்னலுக்கு வெளியே கப்பல்கள் நிற்கும். கீழே, வீதியோரப் புல்லில் மான்கள் மேயும். முகம் தெரியாத எவருக்கோ நாலு வசனத்தைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வாரமும் அறிமுகத்தை ஒரே வசனத்தில் முடிப்பேன்: "அரங்கில் நிகழ்ந்தவாறே, முழுமையாக, இதோ."

சிக்கல் புதிதாகப் பூட்டிய ஒரு கருவியால் வந்தது. எங்கள் நிலையத்தில் ஒலி பத்து விநாடிகளுக்குமேல் நின்றுபோனால், ஏதோ கோளாறு என்று எண்ணி, கணினி தானாகவே ஒரு விளம்பரத்தைப் போட்டுவிடும். சினிமாப் பாட்டுகளுக்கு அது நல்ல காவல். சிம்பொனிக்கோ பெரும்பாலும் நான்கு பகுதிகள். ஒரு பகுதி முடிந்ததும் வாத்தியக்காரர்கள் சற்று ஓய்வார்கள். அவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்த இருமலை அரங்கிலிருப்பவர்கள் இருமித் தீர்ப்பார்கள். பழைய பதிவுகளில் அந்த இருமல் கருவிக்கு எட்டாத அளவுக்கு மெல்லியது. ஒரு ஞாயிறு, மிகத் துயரமான பகுதியொன்று அடங்கிய மறுகணம், பிஸ்கட் விளம்பரம் ஒன்று கூவிக்கொண்டு வந்தது.

முகாமையாளர் கோபக்காரர் அல்லர். ஆனாலும், "இன்னொருக்கா இப்பிடி நடந்தா நிகழ்ச்சிய நிப்பாட்டிப்போட்டுப் பழைய பாட்டுப் போடுவம், தங்கச்சி. ஆர் கேக்கப்போகினம்?" என்றார்.

அடுத்த கச்சேரியை நான் கணினியில் திறந்து, இடைவெளிகளை எல்லாம் வெட்டினேன். இருமல், கதிரை அசையும் சத்தம், தாள் புரளும் சத்தம், எல்லாவற்றையும். நான்கு பகுதிகளும் ஒன்றோடொன்று தையல் தெரியாமல் ஒட்டின. பிரதியிலிருந்த கறைகளைத் துடைத்துவிட்டதுபோல் எனக்கு நிறைவாகக்கூட இருந்தது. ஞாயிறன்று வழமைபோல "முழுமையாக" என்று வாசித்தேன். விளம்பரம் எதுவும் குறுக்கிடவில்லை.

செவ்வாய்க்கிழமை நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கிண்ணியாவிலிருந்து ஒரு பெண்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கணும். போன ஞாயிறு போட்ட கச்சேரியில இடயில இடயில நிப்பாட்டுற இடம் இருந்திச்சா, இல்லயா?"

முகாமையாளர் அடுத்த மேசையில் இருந்தார். எட்டு மாதங்களில் வந்த முதல் நேயர். அவருடைய முதல் வார்த்தையே முறைப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். "ஓம், வழமைபோல முழுசாத்தான் போட்டனாங்கள்" என்றேன்.

"அப்ப இருந்திச்சு" என்றார் அவர், தமக்குத் தாமே சொல்வதுபோல. "சரி தங்கச்சி. அது போதும்."

அந்த "போதும்" எனக்குப் போதவில்லை. அது கோபம் தணிந்த குரல் அல்ல. இருந்த ஒரே நம்பிக்கையை மடித்து வைத்துவிட்ட குரல். இரண்டு நாள் பொறுத்தேன். வியாழக்கிழமை, முகாமையாளர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அந்த இலக்கத்தை அழைத்தேன்.

அவர் தையல்காரி. அவருடைய கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். ஒரு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான்கு பயிற்சிகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: கை, விரல், கால், கடைசியாக யன்னல் கம்பியைப் பிடித்து எழும்பி நிற்றல். மற்ற நாட்களில் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்வது அவருக்கு அலுப்பு, பாதியில் விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் முழுவதும் செய்வார், எங்கள் நிகழ்ச்சியை வைத்து. முதற்பகுதிக்குக் கை. அரங்கில் இருமினால் விரல். மறுபடி இருமினால் கால். மூன்றாவது இருமலுக்கு எழும்பி நிற்க வேண்டும். இசை மாறுவது அவர்களுக்கு அடையாளமல்ல. ஒரே பகுதிக்குள்ளேயே அது பலமுறை மாறும். இருமல்தான் அடையாளம். மனைவி மெஷினில் தைத்துக்கொண்டிருப்பார். காது கொடுத்துக் கேட்டு, "இருமிட்டாங்க" என்று அறிவிப்பது கணவரின் பொறுப்பு. அந்த வீட்டில் அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே வேலை அது.

"போன கிழம கையையே ஆட்டிக்கொண்டு கிடந்தார். நான் கேட்டன், இன்னும் இருமல்லயா எண்டு. இல்ல எண்டார். பொறகு பாத்தா எல்லாம் முடிஞ்சு கை தட்டுறாங்க. ஆள் வெளிறிப் போயிட்டார். நடுவில நினைவு தப்பித்தப்பிப் போனா உடனே கொண்டுவரச் சொல்லி டொக்டர் சொன்னவர். அப்பிடி நினைவு தப்பித்தான் இருமல் கேக்காமப் போயிட்டோ எண்டுதான் உங்களிட்டக் கேட்டன். நீங்க, இருந்திச்சு எண்டீங்க." அவர் மூச்செடுத்தார். "தலையும் போயிட்டு, இனி என்னத்துக்குப் பயிற்சி எண்டு சுவரப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டாராம்."

"அக்கா, வெட்டினது நான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மீண்டும் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "நான் சொன்னா நம்ப மாட்டார், தங்கச்சி. ஆறுதலுக்குச் சொல்றன் எண்டுவார். நீங்க வந்து சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை பேருந்தில் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். என்ன சொல்வது என்று மனத்துக்குள் எழுதி எழுதித் திருத்தியிருந்தேன். உள்ளே நுழைந்ததும் அவ்வளவும் மறந்துபோயிற்று. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர், சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். திரும்பவில்லை.

"ரேடியோவில பேசுற புள்ள வந்திரிக்கு. இருமல வெட்டினது அவதானாம்" என்றார் மனைவி.

"இப்பிடிச் சொல்லச் சொல்லி நீதானே கூட்டி வந்த?" சொற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தன, ஆனால் தெளிவாக இருந்தன.

கைத்தொலைபேசியில் இரண்டு பதிவுகளையும் கொண்டுபோயிருந்தேன். முதலில் நான் வெட்டியதை, முதற்பகுதி முடியும் இடத்திலிருந்து போட்டேன். வயலின்கள் ஓய்ந்த அதே கணத்தில் அடுத்த பகுதி தொடங்கியது. பிறகு மூலப்பதிவை, அதே இடத்திலிருந்து. வயலின்கள் ஓய்ந்தன. அரங்கின் வெறுமை. எங்கோ ஒரு கதிரை முனகியது. ஒருவர் இருமினார், இன்னொருவர், பிறகு ஒலிவாங்கிக்கு அருகே ஒருவர் இரண்டு தடவை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுவதுபோல.

"அந்த மனிசனுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்க ஒரு ஆளில்ல போல" என்றார் மனைவி, யாருக்கென்றில்லாமல்.

கணவர் தலையைத் திருப்பினார். "இன்னொருக்காப் போடுங்க."

போட்டேன். மூன்று தடவை கேட்டார், இரண்டையும் மாற்றி மாற்றி. பிறகு முகட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "அப்ப என்ட தலைக்கு ஒண்டுமில்ல."

மனைவி எழுந்து மெஷினுக்குப் போய், ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த நூலை உருவி, மறுபடி கோத்தார்.

"என்னத்துக்குப் புள்ள வெட்டினீங்க? இருமுறவங்களும் மனிசர்தானே" என்று கேட்டார் கணவர். கருவியைப் பற்றிச் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் யோசித்தார். "நீங்க பக்கத்தில இரிந்தா அந்தக் கருவி ஏன் பயப்படுது?"

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய் முகாமையாளரிடம் கேட்டேன்; நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கு அந்த ஒரு மணித்தியாலமும் கருவிய நிப்பாட்டி வைப்பம். ஆனா நீங்கள் கதிரைய விட்டு எழும்பக்கூடாது. என்ன நடந்தாலும் பொறுப்பு நீங்கள்தான்" என்றார்.

ஞாயிறன்று அறிமுகவுரையில் மூன்று வசனங்கள் கூடுதலாக வாசித்தேன். சென்ற வாரக் கச்சேரியின் இடைவெளிகளை நானே நீக்கினேன் என்றும், முழுமையாக என்று சொன்னது தவறு என்றும், அதே கச்சேரியை இன்று மீண்டும் ஒலிபரப்புகிறோம் என்றும். அந்த மூன்று வசனங்களைப்போல் வேறெதையும் நான் அத்தனை தடவை திருத்தி எழுதியதில்லை.

முதலாவது இடைவெளி வந்தது. எழும்பாமல் இருந்தேன். விநாடிகளை எண்ணினேன், பத்தைத் தாண்டியது. யாரோ இருமினார்கள். விரல், என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது இடைவெளியில், கால். மூன்றாவது மிக நீளமாக இருந்தது. துறைமுகத்தில் நின்றதொரு கப்பலின் சங்கு அதற்குள் நுழைந்து ஓய்ந்தது. ஒலிவாங்கிக்கு அருகிலிருந்தவர் இரண்டு தடவை இருமினார். கடைசிப் பகுதி முழுவதும் என் இரண்டு உள்ளங்கைகளும் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

கைதட்டல் ஓய்வதற்கு முன்பே தொலைபேசி ஒலித்தது.

"நிண்டிட்டார், தங்கச்சி" என்றார் அவர். "கம்பியப் பிடிச்சுக்கொண்டுதான். ஆனா முடியும் மட்டும் நிண்டார்."

பின்னாலிருந்து கணவரின் குரல் கேட்டது: "அவங்க தட்டுறது எனக்குத்தான் எண்டு அந்தப் புள்ளைக்குச் சொல்லு."

நிகழ்ச்சி இன்றும் தொடர்கிறது. கடிதங்கள் இப்போதும் வருவதில்லை. எவரும் கேட்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளும் துணிவு மட்டும் எனக்கு இப்போது இல்லை. ஞாயிறுதோறும் மூன்றாவது இடைவெளி வரும்போது, கடலுக்கு அப்பால் ஒரு மனிதர் தம் காலில் எழும்பத் தேவையான நேரம் அது என்று நினைத்து, என் கதிரையில் அசையாமல் காத்திருக்கிறேன்.