கிற்றாருக்குத் தங்கூசி

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் சபைத் தலைவருக்கு இசையைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சத்தம். சத்தம் பெரிதாக இருந்தால் திருவிழா நன்றாக நடந்தது. இல்லையென்றால் நடக்கவில்லை. என் மனைவி பதினொரு வருடமாக நடத்திவந்த பாடகர் குழுவை அவர் பொறுத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், ஒரு கீபோர்டில் மேளமும் வயலினும் குழலும் சேர்த்து முழக்கிக்கொண்டிருந்தான். பிறகு அவன் இத்தாலிக்குப் போனான். கீபோர்டையும் கையோடு கொண்டுபோனான். அங்கே ஒரு வயோதிபரைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். கீபோர்ட் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறதாம்.

அதற்குப் பிறகு கூடிய சபைக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார். "மியூசிக் இல்லாம திருநாள் பூசையா? இந்தமுற அடுத்த ஊர்க் கோஷ்டியக் கூப்பிடுவம். அவங்கள்ட்ட ட்ரம்ஸும் இருக்கு."

என் மனைவி மடியில் இருந்த பாட்டுக் கொப்பியின் மட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அந்தத் தடவலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் கிற்றார் வாசிக்கிறன்" என்றேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அதுவரை கிற்றாரைத் தொட்டதுகூட இல்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். என் மனைவி நிமிர்ந்து பார்த்து, "ஓம், அவர் வாசிப்பார்" என்றாள். இனிப் பின்வாங்க வழியில்லை. நான் வாசிக்காவிட்டால் அவளும் அவளுடைய பதினான்கு பேரும் திருவிழாவன்று கடைசி வாங்கில் உட்கார்ந்து, அடுத்த ஊர்க்காரர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கையில் ஐந்து மாதம் இருந்தது.

நான் கற்பிட்டிக் கரையில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வலை, மிதப்பு, ஈயக்குண்டு, தூண்டில் முள், தங்கூசி. தூண்டில் போடுகிற நைலோன் நூலைத்தான் நாங்கள் தங்கூசி என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருட்டிப் பார்த்தே அது எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு மிகுந்த பெருமை. மனிதனுக்குப் பெருமை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் புத்தி கெடும் என்பதை அப்போது நான் அறியவில்லை.

கிற்றார் வாங்கச் சிலாபத்துக்குப் போனேன். கடையில் ஏழு கிற்றார்கள் சுவரில் தொங்கின. விற்பனைக்கு நின்றவன் மரியாதையாகத்தான் கேட்டான். "அண்ணே, எங்க வாசிக்கப் போறீங்க?"

"கோயில்ல."

"அப்ப சாதாரண பொக்ஸ் கிற்றார் எடுங்க. பழகவும் லேசு. இலெக்ரிக் எதுக்கு?"

நல்ல கேள்வி. அந்த ஐந்து மாதத்தில் யாராவது என்னிடம் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். நான் சபைத் தலைவரை நினைத்துக்கொண்டு, "சத்தம் வேணும்" என்றேன். அவன் என்னைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பாரம் பார்க்கச் சொன்னான். கழுத்தைப் பிடித்துக் கைக்கு அடங்குகிறதா பார்க்கச் சொன்னான். கம்பி கட்டையிலிருந்து உயர்ந்து நின்றால் விரல் நோகும், தாழ்வாக இருப்பதைப் பாருங்கள் என்றான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நிறம் பார்த்தேன். மூலையில் ஒன்று நீலமாக இருந்தது. எங்கள் அப்பாவின் வள்ளத்துக்கு அடித்திருந்த அதே நீலம். அதன் கழுத்து தடிப்பு, கம்பி உயரம், பாரமோ நங்கூரப் பாரம். அதைத்தான் எடுத்தேன், கூடவே அதன் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி ஒன்றும். அவன் பக்கத்தில் நின்றவனிடம், இவர் வள்ளத்துக்குப் பெயின்ற் வாங்க வந்தவர் போலிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னான். எனக்குச் சிங்களம் தெரியும் என்று அவன் நினைக்கவில்லை. தெரியாதவனைப் போலவே காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் கரையில் வள்ளம், எஞ்சின், முச்சக்கர வண்டி, புதிதாக எதை வாங்கினாலும் ஃபாதரிடம் கொண்டுபோய் மந்திரிக்காமல் வேலை தொடங்க மாட்டோம். கிற்றாரையும் கொண்டுபோனேன். ஃபாதர் தாராள மனசுக்காரர். வள்ளத்துக்குத் தெளிக்கிற அளவு தீர்த்தத்தைக் கிற்றாருக்கும் தெளித்தார். அதற்குப் பிறகு இரண்டு கிழமை, சத்தத்தைக் கூட்டுகிற குமிழைத் திருகினால் கருவாடு பொரிகிற சத்தம் வந்தது.

பழகுவதற்கு ஃபோனில் காணொளிகள் பார்த்தேன். பத்து நாளில் கிற்றார் என்று பல்லைக் காட்டுகிறவர்கள். யாருடைய பத்து நாள் என்று அவர்கள் சொல்வதில்லை. கோர்ட் என்கிற விரற்பிடிகளில் மூன்றைப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் போனது. முள் கட்டிக் காய்த்த விரல்கூடக் கம்பி உயரத்தில் நொந்தது. "இன்னும் ஒண்டு பழகினா நாலு பாட்டு சமாளிக்கலாம்" என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்கள் எதுவும் கேட்காமல் சாமானை வாங்கிக்கொண்டு வேகமாகப் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் இத்தாலியிலிருந்து மச்சான் அறிவுரை சொல்லத் தொடங்கினான். அவனும் கிற்றாரைக் கையில் பிடித்தவன் இல்லை. இத்தாலியில் இருக்கிறான், அவ்வளவுதான் அவனுடைய தகுதி. "பிழை உன்ட கையில இல்ல மச்சான். பழகிறவங்களுக்குச் செய்யிற கிற்றார்ல போடுற பிக்கப் குப்ப. அத மாத்து."

பிழை என் கையில் இல்லை என்று ஒருவன் சொல்லும்போது அவனை நம்பாதவன் யார்? லீவில் வந்த ஒருவரிடம் அவன் பிக்கப் கொடுத்தனுப்பினான். கம்பிகளுக்கு நேர் கீழே பொருத்துகிற காந்தம் அது. எஞ்சின் திருத்துகிறவரைக் கொண்டு ஈயம் ஒட்டி மாட்டினேன். அடுத்த கிழமை முழுவதும் கடைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கினேன்: இரும்புக் கம்பி ஆடுகிறது, அந்த ஆட்டத்தைக் காந்தம் பிடிக்கிறது, பிடித்ததைப் பெட்டிக்கு அனுப்புகிறது, பெட்டி கத்துகிறது. ஒருவர் ஈயக்குண்டை எடுத்துக்கொண்டு, "அப்ப நாங்க வாறம்" என்று போய்விட்டார். இரும்புக் கம்பி, இரும்புக் கம்பி என்று என் வாயாலேயே எத்தனை தடவை சொன்னேன் என்பதை நினைக்க இப்போதும் கூசுகிறது.

பிக்கப்புக்குப் பிறகு, கம்பியை இறுக்கித் தளர்த்துகிற முறுக்காணிகளை மாற்றினேன். அதற்குப் பிறகு காலால் மிதிக்கிற பெடல் ஒன்று வந்தது. அதில் ஐந்து விளக்குகள் எரிந்தன. எந்த விளக்குக்கு என்ன வேலை என்று அனுப்பியவனுக்கும் தெரியாது.

புத்தளத்தில் ஃபோன், ரேடியோ சாமான்களோடு கிற்றார்க் கம்பியும் விற்கிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவோம். பெடலுக்கு வயர் வாங்கப் போனபோது கிற்றாரைக் கையில் வாங்கி, கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் செம்மண் நிறமானது. "தம்பி, மொதல்ல கம்பிய மாத்துங்க. இது உப்புக் காத்து. வாசிச்சி முடிஞ்சா துணியால தொடச்சி வைங்க. மத்ததெல்லாம் பொறகு பாக்கலாம்."

இவ்வளவு மலிவான யோசனை சரியாக இருக்க முடியாது என்று நினைத்தேன். நானாவுக்குக் கிற்றாரைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டில் வந்து சிரிக்கவும் செய்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

திருவிழா சனிக்கிழமை. அதற்கு முந்திய நவநாட்களை ஒவ்வொரு குழுவாகப் பொறுப்பெடுத்துப் பாடினார்கள், வெள்ளி மாலை வேஸ்பர் ஆராதனை இளைஞர்களுக்கு. சனி காலைப் பூசை எங்களுக்கு. கொடியேற்றத்தன்றே சவுண்ட்ஸ்காரர் என் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மற்றப் பெட்டிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அதனால் வீட்டில் வெறும் கிற்றாரை வைத்துத்தான் பழகினேன். வெள்ளி காலையில் ஒரு கம்பி அறுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றும் அறுந்தது. கறல் பிடித்து, துருவைத் தவிர உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

புத்தளத்துக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது ஜும்ஆ நேரம், கடைகள் பூட்டு. வெயிலில் காத்திருந்தேன். நானா தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்து, வெறும் கொக்கியைக் காட்டினார். "முடிஞ்சி தம்பி. இன்ஷா அல்லாஹ், திங்கக்கெழம வரும். இப்பவே சிலாவத்துக்குப் போனா எடுக்கலாம்."

போயிருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் அந்த நீலத்தைப் பார்த்துச் சிரித்தவனிடம் திரும்பிப் போக மனம் வரவில்லை. பஸ்ஸில் கற்பிட்டிக்குத் திரும்பி வரும்போது ஒரு யோசனை தோன்றியது. தோன்றியவுடன் நானே என்னை மெச்சிக்கொண்டேன். இரும்பு கறல் பிடிக்கும். தங்கூசி எந்தக் காலத்தில் கறல் பிடித்தது? சுறா இழுத்தும் அறாத நூல், என் விரலுக்கா அறும்? ஒரு கடை நிறையக் கம்பியை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேனே!

அன்று பின்னேரம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, இருந்த இரும்பு முழுவதையும் கழற்றி எறிந்தேன். மேல் கம்பிக்குச் சுறா நூல். அடுத்தது சூரைக்கு, அதற்கடுத்தது அறக்குளாவுக்கு, பிறகு பாரைக்கு, விளைமீனுக்கு. கடைசிக்கு இருந்ததில் மெல்லிசு. தூண்டில் முள்ளுக்குப் போடுகிற முடிச்சையே போட்டு இறுக்கினேன். வெறும் கிற்றாரில் மீட்டிப் பார்த்தேன். மெல்லிய சத்தம், ஆனால் சுருதி நின்றது. விரலுக்கு எவ்வளவு இதம்! ஐந்து மாதத்தில் முதல் தடவையாக விரல் நோகாமல் நான்கு பாட்டையும் வாசித்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் கோயில் நிறைந்து முற்றத்திலும் சனம். முதல் வாங்கில் சபைத் தலைவர். பின்னால், ஒருவேளை தேவைப்படலாம் என்று அவரே கூப்பிட்டிருந்த அடுத்த ஊர்க் கோஷ்டியில் நான்கைந்து பேர். வயரைச் செருகினேன். பெடலின் ஐந்து விளக்குகளும் எரிந்தன. மணி அடித்தது. நான் கையை வீசி முதல் கோர்டை அடித்தேன்.

ஒன்றும் வரவில்லை.

குமிழைத் திருகினேன். பெடலை மிதித்தேன். சவுண்ட்ஸ்காரர் கையை விரித்தார். அந்தக் கணத்தில்தான் நான் கடையில் விளக்கிய விளக்கம் முழுவதும் ஒரு சொல் விடாமல் என் ஞாபகத்துக்கு வந்தது. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும். நைலோனை அதற்குத் தெரியாது. நிலம் பிளந்து என்னையும் நீலக் கிற்றாரையும் விழுங்கினால் நல்லது என்று நின்றேன். ஓடவும் வழியில்லை. அதனால் கையை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தேன், ஊமை நாடகம் போல.

என் மனைவி ஒரு மூச்செடுத்து, தனியாகத் தொடங்கினாள். இரண்டாம் வரியில் பதினான்கு பேரும் சேர்ந்தார்கள். மேளம் இல்லை, குழல் இல்லை. சனம் திரும்பிப் பார்த்தது. பிறகு முற்றத்தில் நின்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். பதினொரு வருடமாக மச்சானின் கீபோர்டுக்குக் கீழே அமுங்கிக் கிடந்த குரல்கள் அவை. நான்கு பாட்டும் அப்படியே போயின. நான் நான்கு பாட்டுக்கும் கையை ஆட்டினேன்.

பூசை முடிந்து சபைத் தலைவர் வந்து கையைக் குலுக்கினார். "கிற்றார அளவா வாசிச்சீங்க. அடுத்த முறையும் உங்கட ஆக்களேதான்." அந்த மனிதருக்குக் காது எதற்கு என்று ஆண்டவரைத்தான் கேட்க வேண்டும். ஃபோனில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்த மச்சானும் இத்தாலியிலிருந்து கோல் எடுத்தான். "புதுப் பிக்கப்பின்ட சத்தத்தக் கவனிச்சியா மச்சான்? என்ன ஒரு மென்மை!" நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கிற்றாரை அலுமாரிக்கு மேலே எறிந்தேன். என் மனைவி பின்னால் வந்து, அதை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளு. ஒரு சத்தமும் வரல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குக் கேட்டிச்சு."

"என்ன கேட்டிச்சு? பெட்டி செத்துக் கிடந்தது."

"பெட்டியில இல்ல, கம்பியில. நான் உங்களுக்குப் பக்கத்திலதானே நின்ட. அதிலதான் சுருதி எடுத்த. ரெண்டாம் பாட்டுல நடுக் கம்பி இறங்கிப் போச்சு, அதுல கொஞ்சம் தடுமாறிட்டன்."

"எனக்கு ஒரு கண் காட்டியிருக்கலாமே, கேட்குது எண்டு?"

"காட்டினா வெக்கத்தில நிப்பாட்டியிருப்பீங்க" என்றாள். "பிறகு நான் எதப் பிடிச்சுக்கொண்டு பாடுற?"