வலது புருவம்

அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில்தான் வின்சென்ட்டுக்கு வேலை. விபத்தில் தாடை நொறுங்கியவர்களின் ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிரிண்டரில் எலும்பு மாதிரி செய்து கொடுப்பார். டாக்டர்கள் அதை வைத்துத்தான் எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக பிளேட்டை வளைப்பார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. "என்னையக் கட்டி வெச்சதுக்கு உங்களுக்கு ஒரு ஸ்கேலைக் கட்டி வெச்சிருக்கலாம்" என்பாள் மனைவி ஹெலன்.

அவளுக்கு வலது தாடையில் கட்டி வந்தது. வேலை முடிந்து வந்ததும், "வலிக்குதா?" என்று கேட்பார். "எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லணுமா?" என்பாள். அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சூரமங்கலம் வீட்டில் இப்போது குக்கர் சத்தம்கூட இல்லை. ஒற்றை ஆளுக்கு என்னத்தைச் சமைப்பது?

சுவரில் அவள் போட்டோ இருக்கிறது. தொட்டால் கண்ணாடிதான் தட்டுப்படுகிறது. அந்த முகத்தை இன்னொரு முறை கையில் ஏந்த வேண்டும், அவருக்கு அது போதும்.

அவளுடைய ஸ்கேன் அவரிடமே இருந்தது. எலும்பை விட்டுவிட்டுத் தோலின் மேற்பரப்பை மட்டும் பிரித்தெடுத்தார். வலப்பக்கம் கட்டி புடைத்துக்கொண்டு நின்றது. தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு பக்கம் கெட்டிருந்தால் நல்ல பக்கத்தை அப்படியே திருப்பி அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். எத்தனையோ பேருக்குச் செய்ததை அவர் கை யோசிக்காமல் இவளுக்கும் செய்துவிட்டது.

கல்லறைத் திருநாளன்று பூ வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த ஹெலனின் தங்கை ஆரோக்கியம், பிரிண்டரில் எடுத்து மேசைமேல் வைத்திருந்த வெள்ளை முகத்தைப் பார்த்தாள்.

"இது யாருங்க மாமா?"

வின்சென்ட் அந்த முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நல்லாப் பாரு கண்ணு. உங்க அக்காதான்."

"அக்காவுக்கு வலது புருவம் கொஞ்சம் ஏறியிருக்குமுங்களே மாமா. நாம எதைச் சொன்னாலும் நம்பாத மாதிரியே பார்ப்பா. இது வேற யாரோ."

அவள் போன பிறகு திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். இடப்பக்கம் மயிரிழைகூடப் பிசகவில்லை. வலப்பக்கமும் அதே இடப்பக்கம்தான். கட்டியைத் துடைக்கப் போய் பெண்டாட்டியையே துடைத்திருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் எதையும் திருத்தாமல், ஸ்கேனில் இருந்தபடியே பிரிண்டருக்குக் கொடுத்தார். வெளியே வந்த முகத்தில் வலது புருவம் ஒரு நூல் ஏறியிருந்தது. தாடையில் கட்டியும் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை அளக்கவில்லை. கட்டிமேல் விரல் படாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, அவள் வழக்கமாகச் சொல்லும் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.