புரட்டாசிச் சனியும் பச்சைச் சூரையும்

2007, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழி, டிக்கெட் அறுபது ரூபாய். நான் உப்பளத்தில் ஆங்கிலம் டியூஷன் எடுக்கிறவள். உடன் வந்த ஏழுமலை குருசுக்குப்பத்து மீனவன். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவன். வண்டியின் டிக்கியில் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி. அதற்குள் அன்று அதிகாலை தூண்டிலில் விழுந்த சூரை ஒன்று.

சூரையை எங்கள் ஊரில் வேறு மீன் கிடைக்காத நாளில்தான் வாங்குவோம். சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் ஜப்பானிய உணவகம் அதைத்தான் தேடுகிறதாம். ஏலத்தில் வியாபாரி சொன்ன விலைக்கே விற்று விற்று ஏழுமலைக்குச் சலித்துப்போயிருந்தது. அங்கே நேராகக் கொடுக்க முடிந்தால் அவன் பிழைப்பே மாறும். மேலாளரிடம் போனில் பேசி நாள் வாங்கியவள் நான். மீன் நன்றாயிருந்தால் மதியச் சாப்பாடு அவர்கள் செலவு என்றார்கள்.

கனகசெட்டிக்குளம் தாண்டும்போதுதான் ஒன்று உறைத்தது.

"ஏழுமல, நீ புரட்டாசி மாசம் மீன் தொடமாட்டியே?"

"தொடாம எப்டிக்கா விக்கறது? வாயில வெக்கமாட்டேன், அவ்ளோதான்."

நூற்றைம்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டல் வாசலில் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்த காவலாளி எங்களைப் பின்வாசலுக்கு அனுப்பினார். எனக்குக் கோபம் வந்தது. ஏழுமலைக்கு வரவில்லை.

பதினொன்றரை. பளபளக்கும் மர மேடைக்கு முன் உட்காரவைத்து, கை துடைக்கச் சூடான துண்டு கொடுத்தார்கள். மேடைக்கு அந்தப் பக்கம் தலைமைச் சமையல்காரர், ஜப்பானியர், அறுபது வயதிருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தார், முதுகை அமுக்கினார், பேசாமல் அறுத்தார். சிவந்த இரண்டு துண்டுகளைத் தட்டில் வைத்து ஏழுமலை பக்கம் தள்ளினார். பச்சையாக.

மீன் பிடித்தவர் முதல் துண்டைத் தன் எதிரில் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வாங்கமாட்டேன் என்பது அவர் வழக்கமாம். மேலாளர் சொல்லி நான் தமிழாக்கினேன்.

"இந்த மாசம் மாட்டேன்னு சொல்லுக்கா. பெருமாளுக்கு ஒரு பேச்சு, யாவாரத்துக்கு ஒரு பேச்சு கெடையாது."

சொன்னேன். சமையல்காரர் முகம் மாறவில்லை, கத்தியை மட்டும் துடைத்து உறையில் போட்டுவிட்டார். நடப்பது நடக்கட்டுமென்று இரண்டு துண்டுகளையும் நானே வாயில் போட்டேன். ஜில்லென்று, வெண்ணெய் மாதிரி இறங்கியது. கவிச்சி இல்லை. விழுங்கும்வரை பயந்தேன் என்பதும் உண்மை.

"பிடித்தது நீங்கள் இல்லையே" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

மேலாளர் நல்ல மனிதர். வந்தவரைப் பட்டினியாக அனுப்பக்கூடாதென்று ஏழுமலைக்குச் சைவமாக வெறும் சோறும் ஒரு கிண்ணம் சூப்பும் வரவழைத்தார். ஏழுமலை கிண்ணத்தை வாய்வரை கொண்டுபோனவன், மூக்கோடு நிறுத்திக் கீழே வைத்தான்.

"யக்கா, இதுல மாசி போட்டுக்குது."

மாசி என்றால் சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த கருவாடு. கிண்ணத்தில் இருந்ததோ கலங்கலான தண்ணீர், ஒரு செதில்கூட இல்லை. காய்கறி சூப்தான் என்று மேலாளர் சத்தியம் செய்யாத குறை. நான் சமையல்காரரிடம் நேராகக் கேட்டேன்.

அவர் உள்ளே போய் மரக்கட்டை போல ஒன்றை எடுத்து வந்து ஏழுமலை கையில் கொடுத்தார். அதைச் சீவிக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரில்தான் அங்கே எல்லா சூப்பும் செய்கிறார்களாம். ஏழுமலை முகர்ந்துவிட்டு, "சூரதான். நல்லாக் காஞ்சது" என்றான். அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். தானே இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். பிறகு, அந்த விரதம் என்றைக்கு முடிகிறது என்று கேட்டார்.

இன்னும் பன்னிரண்டு நாள் என்றேன். ஐப்பசி முதல் தேதி மீனோடு வரட்டும், என் எதிரில் சாப்பிடட்டும், அன்றிலிருந்து வாரம் இரண்டு நடை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஏழுமலை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் வண்டி மாமல்லபுரம் தாண்டியது. ஏழுமலை மெதுவாக என் பக்கம் சாய்ந்தான்.

"யக்கா, பச்சையாவேதான் துன்னணுமா?"

"பச்சையாவேதான்."

"ஐப்பசில எதனா பெரிய வெரதம் வருதாக்கா?"

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரியிடம் கேட்கிறான். ஐப்பசியில் கந்த சஷ்டி வருவது எனக்கும் தெரியும். சொல்லவில்லை.